கத்தரி படாத காற்சட்டை

தையல் மிசினுக்குப் பக்கத்தில் இருந்த குப்பை வாளிக்குள் நாலு விரல் அகலத்தில் இரண்டு துணித் துண்டுகள் கிடந்தன. பழுப்புக் கம்பளி. ஓரத்தில் படிப்படியாக ஓடுகிற சிவப்புக் கோலம். வேணுஜா அவற்றைக் கையில் எடுத்தாள். நேற்று வந்தவுடன் கதவுக் கொளுக்கியில் தான் மாட்டிய பையைத் திரும்பிப் பார்த்தாள். அது வெறுமையாகத் தொங்கியது.

"அப்பா! என்ர பையை ஆர் தொட்டது?"

தவராசா குசினி மேசையில் தேத்தண்ணியோடு இருந்தார். மகளின் கையில் இருந்த துண்டுகளைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்தார். "அம்மா காலமை எடுத்து வெட்டித் தைச்சவ. ஏன் பிள்ளை?"

ஏனாம்! பெர்லினில் பழங்காலத் துணிகளை நகலெடுக்கும் பட்டறை ஒன்றில் அவளும் கூட வேலைசெய்யும் சாண்ட்ராவும் எட்டு மாதம் தறியில் குந்தியிருந்து நெய்தது அது. சீனாவின் மேற்குப் பாலைவனத்தில் ஒரு குதிரைக்காரனின் புதைகுழியில் கிடைத்த காற்சட்டையின் நகல். மூவாயிரம் வருசப் பழசு. உலகத்தில் இதுவரை அகப்பட்ட காற்சட்டைகளில் அதைவிட மூத்தது எதுவென்று இன்னும் எவரும் காட்டவில்லை. அதைச் செய்தவர்கள் துணியை நெய்துவிட்டு வெட்டவில்லை. காலுக்கு ஒன்றாக இரண்டு துண்டு, குதிரையில் காலை அகட்டி ஏறுவதற்கு நடுவில் ஓர் அகலத் துண்டு. மூன்றையும் வேண்டிய அளவிலேயே தறியில் நெய்து மூட்டினார்கள். கத்தரி என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த ஒன்றைக் காட்டத்தான் விரல் வெடிக்க வெடிக்க இத்தனை பாடு. திங்கட்கிழமை, அம்மா அப்பா இருக்கிற இந்த ஆஹெனுக்கு வெளியே ஒரு லாயத்தில் சவாரிக்காரன் ஒருவன் அதைப் போட்டுக் குதிரை ஏற, சாண்ட்ரா படம் எடுக்கவேண்டும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வேணுஜாவின் ஒப்பந்தத்தை நீட்டுவதா விடுவதா என்று முடிவு செய்வார்கள். இன்று சனிக்கிழமை.

"ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதே உங்களுக்கு? எழுப்பிக் கேட்டா நான் கடிச்சுத் தின்னவே போறன்?"

"நீ நித்திரை எண்டு…"

"ஓம், நான் நித்திரை. அதுக்குள்ள எல்லாத்தையும் வெட்டி முடிச்சிடுங்கோ!"

அம்மா புஷ்பராணிக்கு இது இன்று நேற்றுப் பழக்கமா? துணி திருத்தும் கடையில் இருபத்துமூன்று வருசம். இந்த நாட்டில் விற்கிற காற்சட்டை எல்லாம் இந்த நாட்டுக்காரரின் காலுக்குத் தைத்தது. நம்மவர் காலுக்கு எப்போதும் நாலு விரல் மிச்சம். அதனால் வீட்டுக்குள் புதுக் காற்சட்டை ஒன்று வந்தால் விலைச்சீட்டைக் கழற்றமுதல் அந்த நாலு விரல் போய்விடும். கேள்வி கிடையாது, அளவுநாடா கிடையாது, ஒரு பார்வை போதும். ஆஹெனில் படிக்க வருகிற இந்தியப் பிள்ளைகளின் ஜீன்சுக்கும் அதே கதிதான். பதினாறு வயதில் வேணுஜா ஆசைப்பட்டு வாங்கிய, நிலத்தில் இழுபடவேண்டிய அகலக்கால் ஜீன்சை அம்மா கணுக்காலுக்கு ஏற்றிவிட்டாள். அன்றைக்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தும் அம்மாவுக்கு என்ன பிழை என்று விளங்கவில்லை. காற்சட்டையைக் காட்டுமிராண்டிகளின் உடுப்பென்று ரோமர்கள் சிரித்தார்கள். பிறகு ரோம் நகருக்குள்ளே அதைப் போடக்கூடாதென்று சட்டமே போட்டார்கள். ரோமாபுரிச் சட்டத்துக்குத் தப்பிய உடுப்பு என்ர அம்மாவின்ர கத்தரிக்குத் தப்பவில்லை என்று நினைக்க வேணுஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப அது எங்க அப்பா?"

தவராசா யன்னல் பக்கம் பார்த்தார். "அதைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனவ."

கடை மத்தியானம் ஒரு மணிக்குப் பூட்டும். ஒன்றரைக்குத்தான் கதவு திறந்தது. அதுவரை வேணுஜா கூடத்துக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். புஷ்பராணி உள்ளே வந்து குளிர் அங்கியைக் கழற்றினாள். நீளச் சுவெற்றருக்குக் கீழே பழுப்புக் கம்பளிக் கால்கள், கணுக்காலில் அளவெடுத்தாற்போல் நின்றன. மடிப்பு நூல் பிடித்தமாதிரி நேர். முகமெல்லாம் சிரிப்பு.

"எடி பிள்ளை, முழங்கால் ஒருக்காலும் நோகேல்லையடி! கடைக்கதவு துறந்து துறந்து பூட்டினாலும் ஒரு குளிர் ஏறேல்லை. வந்த சனம் எல்லாருக்கும் காட்டினனான். என்ர மகள் நெய்தது எண்டு."

"அது உங்களுக்கில்லை அம்மா!"

தவராசா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். வேணுஜாவுக்கு இனி நிறுத்த ஏலாது. "எட்டு மாசம்! கத்தரி படக்கூடாத துணி அது! திங்கக்கிழமை நான் அவையளுக்கு என்னத்தைக் காட்டுறது? என்ர வேலையை நாசமாக்கிப் போட்டியள். கோதாரி, உங்கட கைக்கு எப்பவும் வெட்டத்தான் தெரியும்!"

புஷ்பராணி ஒரு சப்பாத்தைக் கழற்றியபடி அப்படியே நின்றாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"நாளைக்கு எனக்கு அறுபது," என்றாள். "போன மாசம் போனில கம்பளிக் களிசான் நெய்யிறன் எண்டு சொன்னனீ. கடையில முழங்கால் விறைக்குது எண்டு நான் சொன்னனான். நீ ம்ம் எண்டு கேட்டுக்கொண்டு இருந்தனீ. பிறகு அதைக் கொண்டந்து என்ர வீட்டுக் கொளுக்கியில கொழுவினனீ. நான் என்னத்தை நினைக்கிறது?"

அறுபது. வேணுஜாவுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். ஆனால் வெட்கமும் சேர்ந்துகொள்ள ஆத்திரம் இன்னும் ஒரு படி ஏறியது.

"அதுக்குக் கேக்காமல் வெட்டுறதே? மூவாயிரம் வருசத்துக்கு முந்திச் செத்த குதிரைக்காரன் ஒருத்தன்ர கால் அளவுக்கு ஒரு நூல் பிசகாமல் நெய்தது அம்மா!"

"செத்து மூவாயிரம் வருசமான ஆரோ ஒருத்தன்ர கால் அளவு உனக்குத் தெரியும்!" புஷ்பராணியின் குரல் வீட்டைப் பிளந்தது. "என்ர காலை ஒருநாள் பாத்திருக்கிறியே? சொல்லு, பாத்திருக்கிறியே?"

சொல்லிக்கொண்டே இடுப்பு நாடாவை அவிழ்த்தாள். "இஞ்ச பாரும், என்ன செய்யிறீர்?" என்று தவராசா பதறி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கேட்கவில்லை. நின்ற நிலையிலேயே காற்சட்டையைக் கழற்றி, தையல்காரியின் பழக்கத்தில் இரண்டு காலையும் சேர்த்து மடித்து, மகளின் கையில் திணித்தாள்.

"இந்தா. கொண்டுபோய்க் குதிரைக்குப் போடு."

துணி இன்னும் சூடாக இருந்தது. வேணுஜா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவெற்றருக்குக் கீழே அம்மாவின் முழங்கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. இடதில் துணியைச் சுற்றி ஊசி குத்தியிருந்தது. கெண்டைக்காலில் நீல நரம்புகள் புடைத்துச் சுருண்டு கணுக்கால் வரை இறங்கியிருந்தன.

புஷ்பராணி அறைக்குள் போகவில்லை. பார்க்கட்டும் என்று நின்றாள்.