இளஞ்சிவப்புப் பிடித்த கல்

கடல்நீர்த் தொட்டி வைக்கிறவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை என்று சொல்வார்கள். என்னிடம் அது ஒருநாளும் இருந்ததில்லை. தேத்தண்ணி ஆறுவதற்குள் நாக்கைச் சுட்டுக்கொள்கிறவன் நான். இருந்தும் ஐம்பத்தெட்டாவது வயதில் அந்த வேலையில் இறங்கினேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. சண்டை நின்று பாதை திறந்திருந்தது. பல் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போனபோது ஒரு பல் டொக்டரின் வரவேற்பறையில் அந்தத் தொட்டியைக் கண்டேன். உள்ளே பாறை, பாறை மேல் உயிருள்ள பவளம், இடையில் மஞ்சள் மீன்கள். பல் பிடுங்கப் பயந்து வந்தவர்கள் பயத்தை மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருகோணமலையில் கடலை மூன்று பக்கமும் வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்குச் சூடேறிவிட்டது.

நான் டொக்டர் இல்லை. பல் கட்டுகிறவன். பாலையூற்றில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் வேலைத்தலம். விழுந்த பல்லுக்குப் பதில் பல் செய்து, இளஞ்சிவப்புத் தகட்டில் பதித்து, வாய்க்குப் பொருத்திக் கொடுப்பேன். கனகரத்தினம் கட்டின பல்லில் கரும்பு கடிக்கலாம் என்று ஊரில் பேச்சு. அது உண்மையும்தான்.

வீட்டில் நானும் தங்கை புஸ்பராணியும் மட்டும். அவள் கணவர் அருளம்பலம் துறைமுகக் கந்தோரில் கணக்கெழுதும் இலிகிதராக இருந்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஒரு காலையில் வேலைக்குப் போனார். திரும்பி வரவில்லை. எங்கே போனார், யார் கொண்டுபோனார்கள், ஒன்றும் தெரியாது. அவர் உயிரோடு இருக்கிறார் என்றே புஸ்பராணி சொல்லிவந்தாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. செத்தவருக்குச் செய்கிற கிரியை என்ற பேச்சையே எடுக்கவிடமாட்டாள். ஆனால் அந்த ஆனி மாதத்திலிருந்து கடல்மீன் எங்கள் குசினிக்குள் வந்ததில்லை. உயிரோடு இருக்கிறவருக்காகக் கடல்மீனை ஏன் விட வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரும், உடனே அடங்கிவிடும். அந்த நாட்களில் ஊரில் பல வீடுகளில் மீன் சமைக்கவில்லை. கடலுக்குள் என்ன போனது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே தொட்டியைப் பற்றி அவளிடம் சொல்லவே பயந்தேன். அவள் கேட்டுவிட்டு, தின்னுகிறதுக்கில்லையே, பார்க்கிறதுக்குத்தானே, வையுங்கோ என்றாள். எனக்கு அதிசயமாக இருந்தது.

நாலு அடி நீளத் தொட்டி. தடித்த கண்ணாடியை வெட்டுவித்து நானே ஒட்டினேன். முந்நூறு லீற்றர் உப்புத்தண்ணீரும் கல்லும் சேர்ந்தால் நானூறு கிலோ வரும் என்று கணக்குப் பார்த்து, பாலைமரத்தில் மேசை செய்வித்தேன். தச்சன் இது என்ன, யானை படுக்கவோ என்று கேட்டான். தண்ணீரைச் சுழற்ற இரண்டு மோட்டர். அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் குழாயை விலைக்கு வாங்க ஏலாமல், பைப்பும் காற்றுக்கல்லும் கொண்டு நானே செய்தேன். தகடு வார்க்கிற கைக்கு அது பெரிய வேலை இல்லை. கரண்ட் போனால் இரண்டு மணித்தியாலத்தில் தொட்டி முழுக்கச் செத்துவிடும் என்பதால் லொறி பற்றரி ஒன்று. உப்பு அளக்க ஒரு மிதவை, தண்ணீரில் சேரும் நஞ்சை அளக்கச் சொட்டு மருந்து. மீன் விட ஆறு கிழமை, ஒன்றரை மாதமாவது பொறுக்க வேண்டும் என்று அந்தக் கொழும்பு டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு முன் கல் வேண்டும்.

கல் என்றால் தெருக் கல் இல்லை. கடலடியில் கிடந்து, ஓட்டை ஓட்டையாகப் புழுவும் பாசியும் குடியேறிய பவளக் கல். அதில் இருக்கிற உயிர்கள்தான் தண்ணீரைச் சுத்தமாக்கும். நாள் போகக் கல்லில் இளஞ்சிவப்பாக ஒரு பூச்சுப் பிடிக்கும். அது பிடித்துவிட்டால் தொட்டி உயிர்பிடித்துவிட்டது என்று அர்த்தம். கிண்ணியாவில் மீன்பிடிக்கும் ஸெய்னுதீனிடம் கேட்டேன். அவருக்கு மேற்பல் வரிசை முழுக்க நான் கட்டிக் கொடுத்திருந்தேன். வெளிக்கடல் பாறைப் பக்கம் கிடக்கிற உடைந்த கல்லாகப் பார்த்துக் கொண்டு வரச் சொன்னேன்.

கார்த்திகை பிறந்துவிட்டது. வெளிக்கடல் கொந்தளிப்பு. அவர் வெளியே போகாமல் துறைமுக வாய்க்கு உட்புறமாகவே முங்கி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. கடலிலிருந்து வந்த பொருளை எங்கே எடுத்தது என்று கேட்கிற பழக்கம் எங்கள் ஊரில் விட்டுப்போய்ப் பல வருடம். நானும் கேட்கவில்லை. அதுதான் என் பிழை.

கற்களை அடுக்கிய இரண்டாம் நாள் மாலை, உள்ளிருந்து டக் என்று ஒரு சத்தம். சிறிது நேரம் விட்டு மறுபடி டக். கண்ணாடி வெடிக்கிறதோ என்று விரலால் தடவிப் பார்த்தேன். கல்லுக்குள் சொடக்குப் போடும் இறால் இருக்கும் என்று ஸெய்னுதீன் சொன்னார். இருக்கலாம். அந்த இறாலை நாங்கள் ஒருநாளும் காணவில்லை. சத்தம் மட்டும் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாக வந்தது. புஸ்பராணி தேத்தண்ணியோடு கதிரையை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு இருக்கத் தொடங்கினாள். சத்தம் வந்தால் தலையை ஆட்டுவாள், யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி. அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் கிழமை கல் முழுக்க மண்ணிறப் பாசி படர்ந்தது. அசிங்கமாக இருந்தது. இப்படித்தான் முதலில் வரும் என்று எழுதியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பாசி மேய இருபது நத்தைகள் வாங்கி விட்டேன். நத்தைகள் தொட்டி முழுக்கப் பரவி மேயும் என்றுதான் நினைத்தேன். அவை பரவவில்லை. காலையில் பார்த்தால் இருபதும் நடுக்கல்லில், ஒரே இடத்தில், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. எடுத்து வேறு கல்லில் விட்டேன். மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டன.

நத்தைகள் விட்ட ஐந்தாம் நாள் அந்த இடத்தில் நகமளவுக்கு இளஞ்சிவப்புத் தெரிந்தது. நான் சின்னப்பிள்ளை போலத் துள்ளினேன். தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். தொட்டி உயிர்பிடித்துவிட்டது என்றேன். அவள் குனிந்து பார்த்தாள். குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் சிவப்பு விரிந்தது. விரிகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பூச்சு என்றால் புள்ளி புள்ளியாகப் பிடிக்க வேண்டும். இது வளரவில்லை, பாசி விலக விலக வெளியே வந்தது. ஓரத்தில் ஒரு வளைவு. வளைவின் முடிவில் துருப்பிடித்த கம்பித் துண்டு. அந்த வளைவை நான் முப்பது வருடமாகக் கையால் செய்துகொண்டிருக்கிறேன். அது மேல்வாயின் வளைவு.

பட்டப்பகல். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒரு நத்தை நகர்ந்தபோது அதன் கீழே இரண்டு பற்கள் தெரிந்தன. ஒன்று நேராக. மற்றது சற்றே திரும்பி, பக்கத்துப் பல்லின் மேல் தோள் சாய்த்தது போல.

அருளம்பலம் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் இரண்டை உடைத்துக்கொண்டது எண்பத்தொன்பதில். நான் இரண்டு பல்லையும் நேராக, அழகாகக் கட்டினேன். புஸ்பராணி பார்த்துவிட்டு அழுதாள். அந்தக் கோணல் பல் இல்லாவிட்டால் அது வேறு ஆள் என்றாள். என் தொழிலுக்கே அவமானம் என்று கத்திவிட்டு, அவளுக்காக மறுபடி கோணலாக வைத்துக் கட்டினேன். கோணல் பல் கேட்டு ஒருவரும் என்னிடம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அன்று நான் செய்தது இதுதான்: சட்டையைச் சுருட்டிக் கையை விட்டு, அந்தக் கல்லைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அவள் காணக்கூடாது. அவள் பதின்மூன்று வருடம் அந்தப் பொட்டைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறாள். அதை என் கையால் அழிக்கிறதா? என்னால் ஏலாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை கல் பழையபடி முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நிலத்தில் ஒரு சொட்டு ஈரமில்லை. மறுபடி திருப்பினேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நாலு கிலோக் கல்லை நத்தை திருப்பாது. தங்கையிடம் தொட்டியில் கை வைத்தாயோ என்று கேட்டேன். கடல் தண்ணியில் கை வைக்கிறேல்லை என்று உங்களுக்குத் தெரியாதோ என்றாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

மூன்றாம் நாள் நான் எழும்பி வரும்போது அவள் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணா, இது நீங்கள் கட்டின பல்லோ?"

"என்ட வேலைதான்."

"ஆருக்குக் கட்டினது?"

"தெரியாது பிள்ளை. இப்பிடிக் கனபேருக்குக் கட்டினனான்."

அவள் அந்தக் கோணல் பல்லை நெடுநேரம் பார்த்தாள். இது அவருடையதோ என்று இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று நின்றேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அப்ப ஆரோ ஒருத்தி பொட்டோட காத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குச் சொல்லாம இதை நாங்க வைச்சிருக்க ஏலாது. வீடு வீடாப் போய்க் கேப்பம்."

என் பொய்யே என் கழுத்தைப் பிடித்தது. கல்லை எடுத்து, உளியால் மெல்லத் தட்டித் தகட்டைப் பிரித்து, ஒரு ஜாம் போத்தலில் கடல் தண்ணீர் ஊற்றி அதற்குள் வைத்தேன். நான் பல் கட்டி, பிறகு காணாமல் போனவர்களை நினைத்துப் பார்த்தேன். அருளம்பலத்தை விட்டால் ஏழு பேர். அதுவரை அப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

ஏழு வீட்டுக்கும் போனோம். புஸ்பராணி குடையோடு முன்னால், நான் போத்தலோடு பின்னால். ஒவ்வொரு வீட்டிலும் அவள் பேசமாட்டாள், நான்தான் கேட்க வேண்டும். அந்தப் பெண்கள் கதிரையில் இருந்து, போத்தலை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, இல்லை என்பார்கள். சிலர் கும்பிட்டார்கள். மூதூரில் ஒருத்தி போத்தலைத் திருப்பித் தரக் கன நேரம் எடுத்தாள். பார்க்கிற ஒவ்வொருவரிடமும் உண்மையைக் கத்திவிடலாம் போல இருந்தது எனக்கு. வெட்கமும் பயமும் சேர்ந்து வாயைக் கட்டின.

கிண்ணியாவில் உம்மு குல்சும் வீடு. அவள் கணவர் சரீப் தோணியோடு காணாமல் போனவர். அவள் பார்த்துவிட்டு, அவருக்குப் பல் நேர் என்றாள். பிறகு புஸ்பராணியின் நெற்றியைப் பார்த்தாள்.

"இது அவர்டயா இருந்திருந்தா நல்லம், தங்கச்சி. மௌத்தெண்டு தெரிஞ்சா நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள்ள இத்தா இருந்து துக்கம் அழுது முடிச்சிருப்பன். எனக்கு அதுவும் கிடைக்கேல்ல."

திரும்பும் படகில் புஸ்பராணி கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி வைத்திருந்தாள், தொடாமல்.

கடைசி வீடு கிளிவெட்டியில். அங்கும் இல்லை. பஸ்ஸில் வந்து எங்கள் ஒழுங்கை முனையில் இறங்கும்போது பின்னேரம் மூன்று மணி. இனி எந்த வீடு என்று கேட்டாள். இனி இல்லை என்றேன். இருக்கு என்று சொல்லிவிட்டு விறுவிறென்று முன்னால் நடந்தாள். நான் வாசல் படலைக்கு வரும்போது அவள் உள்ளே போய்ப் படலையைச் சாத்திக் கொண்டிருந்தாள்.

என் வீட்டுப் படலைக்கு வெளியே போத்தலோடு நின்றேன். உள்ளே மோட்டர் சத்தம் கேட்டது. கதவு திறந்திருந்தது. அவள் கதிரையில் நேராக, மடியில் கை வைத்து, மற்றப் பெண்கள் இருந்தது போலவே இருந்தாள். யாரோ தன் வீட்டுக்கு வருவதைப் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படலையைத் திறந்து போனேன். ஏழு வீட்டில் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னேன்.

"அம்மா, நான் பாலையூற்றுக் கனகரத்தினம். இது என்ட கையால கட்டின பல். உங்கட வீட்டு ஆளின்டயோ?"

அவள் போத்தலை வாங்கினாள். வெளிச்சத்துக்குப் பிடித்தாள். மூடியைத் திறந்து, பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு கடல் தண்ணீருக்குள் விரலை விட்டு, அந்தக் கோணல் பல்லைத் தொட்டாள்.

"ஓம். என்ட மனுசன்டதான்." அழுகை அப்போதுதான் வந்தது. "இத்தனை வருசத்தில ஒருத்தரும் என்னட்ட வந்து கேக்கேல்ல, அண்ணா."