இடி இடிச்சா தலைச்சன் அவுட்

எனக்கு முப்பத்தாறு வயசு. ரெண்டு புள்ளைக்கு அப்பன். பால் வண்டி ஓட்டறேன். ஆனா வானம் ஒரு தடவ உறுமிச்சின்னா போதும், எங்கம்மா மணியம்மாள் எங்க இருந்தாலும் ஓடியாந்து என் கையப் புடிச்சி வூட்டுக்கு இழுத்துக்கினு பூடும். ஏன்னா நான் தலைச்சனாம். மொதப் புள்ளையத்தான் இடி தேடி வருமாம். என் தம்பி ராஜேஷ் சின்னவன். அவன் தென்னமரத்து உச்சியில உக்காந்து பல்லு வெளக்கலாம், ஒண்ணும் ஆவாது.

"நான் மூத்தவன்னு இடிக்கு எப்படிம்மா தெரியும்? ரேஷன் கார்டு வாங்கிப் பாக்குமா?"ன்னு கேட்டா, "வாய மூடு, அர்ஜுனா அர்ஜுனான்னு சொல்லு"ங்கும்.

ஒம்பதாவது படிக்கறப்ப நானூறு மீட்டர் ஓட்டத்துல நான்தான் முன்னாடி. இடிச்சிது. அம்மா கோட்டுக்குள்ள பூந்து என்னைத் தள்ளிக்கினு பூட்டுது. கரிக்கலாம்பாக்கத்துல கபடி. மூச்சு வுடாம பாடிக்கினு எதிராளி பக்கம் நிக்கறேன், பின்னாலேந்து ஒரு கை புடிச்சி இழுக்குது. திரும்பிப் பாத்தா அம்மா. யார் புடிச்சா இன்னான்னு ரெஃப்ரி அவங்களுக்கு ஒரு பாயிண்ட் குடுத்துட்டாரு. அந்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல. எந்த ஆட்டத்தையும் நான் முடிச்சதே இல்ல. சாவறதுக்குள்ள ஒண்ணாச்சும் முடிச்சி கப்பைக் கையில தூக்கணும், அவ்ளோதான் எனக்கு.

இந்த வருஷம் மே மாசம், கிருமாம்பாக்கத்துல அறுத்த வயல்ல டென்னிஸ் பால் ஃபைனல். எங்களுக்கும் பக்கத்து ஊரு பனித்திட்டுக்கும். ரெண்டு பந்து, நாலு ரன் வேணும். நான் அடிக்கறேன், எதிர் முனையில ராஜேஷ். மேற்கால கருகருன்னு ஏறிக்கினு வருது. எனக்குப் பயமில்ல. அம்மாவத்தான் காலையிலயே பாகூருக்கு, சின்னம்மா வூட்டுக்கு அனுப்பிட்டேனே!

டமார்னு ஒண்ணு இடிச்சிது. ரோட்டுல பஸ் வந்து நின்னுது. எறங்குனது யாருன்னு நான் திரும்பியே பாக்கல, கூட்டம் சிரிச்ச சிரிப்புலயே தெரிஞ்சிபோச்சி. பாகூர்லயே மேகத்தைப் பாத்துட்டு ஏறியிருக்கு.

நேரா பிட்சுக்கு வந்து கையப் புடிச்சிது. "வாடா வூட்டுக்கு."

"ரெண்டே பந்தும்மா! உன் கால்ல வுழறேன்."

"மிச்சத்த ராஜேஷ் ஆடட்டும்."

ராஜேஷ் அம்மாவ ஒரு மாதிரி பாத்தான். "ஏன், என் மேல வுழுந்தா பரவால்லியா?" பாவம், அவனுக்கும் ரொம்ப நாள் சந்தேகம்.

அம்பயர் இன்னாசிமுத்து வானத்தப் பாத்துட்டு எங்ககிட்ட வந்தாரு. "மணியம்மா, அவன ஆட வுடு. இல்லன்னா நீயே பேட்டைப் புடி. ஒரு நிமிஷத்துல முடிவு பண்ணலன்னா கப்பு பனித்திட்டுக்கு. எனக்கும் பொண்டாட்டி புள்ள கீது."

நான் அம்மா பக்கம் திரும்புனேன். "சரி, வரேன். ஆனா இனிமே உங்கூடப் பேசவே மாட்டேன் போ." முப்பத்தாறு வயசு ஆம்பள பேசற பேச்சா அது? வந்துடுச்சி.

அம்மா என் மூஞ்சியவே பாத்துது. அப்பறம் கைய வுட்டுது.

"ஆடு. நீ தலைச்சன் இல்ல."

"இன்னாம்மா சொல்ற?"

"உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு. பதினோரு நாள் இருந்தா. பேர் கூட வெக்கல." முந்தானையால மூக்கத் தொடச்சிக்கிச்சி. "தலைச்சன்னு சொன்னா ஊரு ஒத்துக்கும்டா. பயமா கீதுன்னு சொன்னா சிரிப்பாங்க."

சொல்லிட்டுப் போயி பவுண்டரி கோட்டுல நின்னுக்கிச்சி. நான் மட்டைய ஊனிக்கினு மரம் மாதிரி நிக்கறேன். எனக்கு ஒரு அக்கா. மொதப் பந்து வந்தது தெரியும், எங்க போச்சின்னு தெரியாது. கீப்பர் கையில இருந்துது.

கடைசிப் பந்து. வானம் பளீர்னு வெட்டுச்சி. கூட்டம் மொத்தம் பந்தலுக்கு ஓடிடுச்சி. வெட்டவெளியில அம்மா மட்டும் ஒத்தையா நிக்குது.

"பந்தலுக்குப் போம்மா!"

"நீ முடிடா. நான் இங்கதான் நிப்பேன்."

அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுது. சின்னம்மாங்க மூணு பேருக்கும் மூத்தது இதுதான். அசல் தலைச்சன்!

பவுலர் ஓடியாந்துக்கினு இருந்தான். நான் பேட்டைக் கடாசிட்டு அம்மாகிட்ட ஓடுனேன். பின்னால ஸ்டம்பு கழண்ட சத்தம் கேட்டுது. பனித்திட்டுக்காரங்க குதிக்கறாங்க, ராஜேஷ் காது கூசற மாதிரி திட்டறான். "அய்யோ, கப்புடா!"ன்னு அம்மா திமிறுது. நான் வுடல. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் இழுத்துக்கினு போயி உள்ள உக்கார வெச்சேன். மழை கொட்ட ஆரம்பிச்சிது. ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது.

கொஞ்ச நேரம் கழிச்சிக் கேட்டேன். "அக்கா எப்படிம்மா இருந்தா?"

அம்மா மழையப் பாத்துக்கினே சொல்லுச்சி. "உன்ன மாதிரிதான். என் வெரலப் புடிச்சான்னா வுடவே மாட்டா."