காது உடைப்பு

மதுசனின் இடது காதுக்குள் விளக்குக் கருவியை வைத்துப் பார்த்த டொக்டர், சின்ன ரப்பர்ப் பந்தை அமுக்கிக் காற்றை ஊதினார். செவிப்பறை அசையவில்லை.

"தடிமன், சளி எல்லாம் மாறினாலும் பறைக்குப் பின்னால நீர் நிக்குது. அதுதான் உங்களுக்குப் பானைக்குள்ள இருந்து கேக்கிற மாதிரி இருக்கு. அநேகமாத் தானா வடியும். மூண்டு மாசம் பாப்பம். வடியாட்டிச் சின்னக் குழாய் வைக்கலாம். அதுவரைக்கும் கடலுக்கடியில சுழியோடாதேங்கோ."

"சுழியோடினா?"

"பறை கிழியலாம். குளிர்ந்த தண்ணி உள்ள போனாத் தலை சுத்தும். மேல எது, கீழ எது எண்டு தெரியாது. ஆழத்தில அப்பிடி நடந்தாத் திரும்பி வரமாட்டீங்கள்."

மதுசனின் மனைவி லோஜினியின் அண்ணன் திலக்சன். இறக்கக்கண்டிக் கரையிலிருந்து கடலட்டை பிடிக்கப் போகும் படகு அவனுடையது; மதுசன் அதில் சுழியோடி. அந்தப் படகில் இதற்கு வேறு வைத்தியம் இருந்தது. காது நோகிறவனின் பறையை அடித்து உடைத்துவிடுவார்கள். உடைந்தால் பிறகு நோகாது என்று நம்பினார்கள். திலக்சனுக்கு இரண்டு காதும் அப்படி உடைந்தவை. அவனோடு கத்தித்தான் கதைக்க வேண்டும்.

டொக்டர் சொன்னதை மதுசன் கத்திச் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"காதுக்குள்ள கடலை வச்சுக்கொண்டு கடலுக்குப் பயப்பிடுறானடா! சரி, வந்து எஞ்சினைப் பிடி. காணும்."

அடுத்த நாள் காலை, படகின் மற்றச் சுழியோடி நிப்றாஸ்தான் காற்றுச் சிலிண்டரோடு இறங்கினான். மேலே வந்தபோது அவன் பை நிறைந்திருந்தது.

"கீழ அட்டை விரிச்சுவிட்ட மாதிரிக் கிடக்கு. ஒரு ஆளால ஏலாது."

தூரத்தில், அட்டைக்கு வந்த இன்னொரு படகு இவர்கள் பக்கம் திரும்பியது. திலக்சன் மற்றச் சிலிண்டரை மதுசனின் காலடியில் போட்டான்.

"இறங்கு."

"ஏலாது மச்சான்."

"என்ர தங்கச்சிக்கு என்னத்தைக் குடுப்பாய்? காதுத் தண்ணியையோ?"

"அவளுக்கு நான் உயிரோட வேணும்."

"நிப்றாஸ், இவனைப் பிடி."

நிப்றாஸ் தயங்கினான். பிறகு பின்னாலிருந்து மதுசனின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தான். திலக்சன் உள்ளங்கையைக் குழித்து ஓங்கினான். முதல் அடி தாடையில் விழுந்து உதடு கிழிந்தது. இரண்டாவது அடி இடது காதை மூடி விழுந்தது. சீலை கிழிகிற சத்தம் தலைக்குள் கேட்டது. இரத்தமும் பசைபோன்ற நீரும் கழுத்தில் வழிந்தன. மதுசன் குப்புற விழுந்து வாந்தி எடுத்தான்.

"பாத்தியா, வடிஞ்சிட்டுது! டொக்டருக்கு மூண்டு மாசம். எனக்கு ரெண்டு அடி. இப்ப இறங்கு!"

திலக்சன் அவன் கழுத்தைப் பிடித்துப் படகின் விளிம்புக்கு இழுத்தான். தலை கடலின் மேல் தொங்கியது. அலை எழும்பி அவன் கன்னத்தை நனைத்தது. இன்னும் ஒரு சாண் கீழே போனால் காதுக்குள்ளும் தண்ணீர் போய்விடும். மதுசனின் கை படகுக்குள் தடவி, சுழியோடிகள் இடுப்பில் கட்டும் ஈயப்பட்டியைப் பிடித்தது. பார்க்காமல் பின்னுக்கு வீசினான்.

அது திலக்சனின் முழங்காலில் பட்டது. பிடி தளர்ந்தது. மதுசன் எழுந்தான். விளிம்பைப் பிடித்திருந்த திலக்சனின் மணிக்கட்டில் பட்டியால் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்தது. திலக்சன் அலறிக்கொண்டு சரிந்தான். அப்போதும் மதுசன் விடவில்லை. தோளில் இன்னொன்று போட்டுவிட்டு, பட்டியோடு நிப்றாஸின் பக்கம் திரும்பினான். நிப்றாஸ் பின்வாங்கினான்.

"காணும் மச்சான், காணும்!"

"எஞ்சினைப் போடு."

"கரையில என்ன சொல்லுறது?"

"நடந்ததைச் சொல்லு. போடு!"

படகு கரையை நோக்கித் திரும்பியது. எதிர்க்காற்று நீரை வாரி அடித்தது. மதுசன் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் காதோடு அழுத்திக்கொண்டான். மற்றக் கையில் ஈயப்பட்டி இருந்தது. திலக்சன் தூஷணத்தில் கத்திக்கொண்டே வந்தான். மதுசன் ஒரு துளியும் உள்ளே போய்விடாதபடி தலையை நிமிர்த்திப் பிடித்திருந்தான்.