தலைமையாசிரியரின் கழுத்துத் துண்டு

டோப்ரிலா டீச்சருக்கு அன்றைக்குத் திரையில் அந்த ஒளிவரிகள் விழுந்தே ஆகவேண்டும். விழாவிட்டால் திங்கட்கிழமை அவளுடைய இயற்பியல் அறைக்குள் பிங்-பாங் மேசை வந்துவிடும். தலைமையாசிரியர் ரதோமிர் கறாராகச் சொல்லிவிட்டார். விளையாட்டு வாத்தியார் மோம்ச்சிலோ மட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கொழுப்பைப் பாருங்கள்!

அவள் ஆசைப்பட்டது ஒன்றும் பெரிய அதிசயமில்லை. ஒரு விளக்கு, அதன் முன்னே சிவப்புக் கண்ணாடி, மெல்லிய ஒற்றைப் பிளவு. சற்றுத் தள்ளி, புகைக்கரி பூசிய கண்ணாடியில் இரண்டு சவர பிளேடுகளைச் சேர்த்துப் பிடித்து இழுத்த இரண்டு கீறல்கள். அறையின் மறுகோடியில் வெள்ளைத் திரை. இரு கீறல் வழியாகவும் வரும் ஒளி திரையில் கலந்து, ஓரிடத்தில் கூடியும் அடுத்த இடத்தில் ஒன்றையொன்று அழித்தும் வரிவரியாக விழவேண்டும். இரண்டு வருஷமாக விழவில்லை. சிவப்பாக ஏதோ மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். கீறல் அகலம், இடைவெளி அதிகம் என்று தன்னையே நொந்துகொண்டு எத்தனை கண்ணாடியைப் பாழாக்கியிருப்பாள், பாவம்.

அன்று தலைமையாசிரியரே வந்து நின்று பார்த்தபோதும் அதே மங்கல்தான்.

"என்ன டீச்சர், வெளிச்சம் பத்தலையோ?" என்றார் மோம்ச்சிலோ. "ஓட்டை ரெண்டு இருக்கு, விளக்கு ஒண்ணுதானே? ஓட்டைக்கு ஒண்ணா வைங்க. நான் வேணா என் டார்ச்ச தர்றேன்."

"வேணாம் சார். ஒரே விளக்குலேருந்து பிரிஞ்சு வந்தாத்தான் ரெண்டும் ஒத்துப்போகும். ரெண்டு விளக்கு வச்சா அதது இஷ்டத்துக்கு ஆடும். வரி வராது."

"இப்பவும்தான் வரல!"

டோப்ரிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீறல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள்.

வெளியே டான்யூப் ஆற்றுப் பக்கமிருந்து கோஷவா என்கிற குளிர்காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பழைய ஜன்னல், சட்டம் சரியாகப் பொருந்தாது. கறுப்புத் திரைச்சீலை உப்பி உப்பி அடங்கியது. ரதோமிர் சட்டென்று பிடரியைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையோ, ஊடுகாத்து! கதவிடுக்குலேருந்தும் வருது, ஜன்னல்லேருந்தும் வருது! ஏம்மா, என்னைக் கொன்னுடலாம்னு பாக்குறியா?"

ஊடுகாற்று என்றால் அந்த ஊரில் யமனுக்கே பயப்படாதவனும் நடுங்குவான். கழுத்து பிடித்துக்கொள்ளும், காது அடைக்கும், சிறுநீரகம் போய்விடும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். மோம்ச்சிலோ கூடச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ரதோமிரோ செய்தித்தாளைக் கிழித்து ஜன்னல் இடுக்கெல்லாம் திணித்தார். திரைச்சீலையின் ஓரங்களில் நாற்காலிகளை நகர்த்தி வைத்து அழுத்தினார். கடைசியில் தன் கம்பளிக் கழுத்துத் துண்டையே உருவிக் கதவின் அடியில் செருகினார்.

"இப்பத்தான் உசுரு வந்துச்சு," என்று இருட்டில் பெருமூச்சு விட்டார்.

தோற்றுவிட்டோம் என்றே டோப்ரிலா நினைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விளக்கை அணைக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள். கண் இருட்டுக்குப் பழகப் பழக, திரையில் ஒரு சிவப்பு வரி. பக்கத்தில் இருட்டு. மறுபடி சிவப்பு. மறுபடி இருட்டு. கீறல் மேல் குற்றமே இல்லை! காற்று நுழைந்த இடுக்கிலெல்லாம் பகல் வெளிச்சமும் நுழைந்து இத்தனை நாளும் வரிகளைத் தின்றிருக்கிறது.

"சார்... வந்துடுச்சு சார்!"

ரதோமிர் நம்பவில்லை. அவளிடம் கேட்டு, அட்டையால் ஒரு கீறலை மறைத்தார். வரிகள் போயின. எடுத்தார். வந்தன. மறைத்தார், எடுத்தார், மறைத்தார். திருவிழாவுக்கு வந்த பிள்ளைபோல வாயெல்லாம் பல்.

"அட, ஒரு ஓட்டைய அடைச்சா, இருட்டா இருந்த எடத்துல வெளிச்சம் வருதேம்மா!"

மோம்ச்சிலோவுக்குப் பொறுக்கவில்லை. "உள்ள புழுங்குது," என்று முனகிக்கொண்டு கதவைப் படாரென்று திறந்தார். காற்று சீறிக்கொண்டு வந்து ரதோமிரின் வெறும் கழுத்தில் அறைந்தது. திரை வெளுத்தது.

"கதவ சாத்துய்யா!" என்று கத்தினார் ரதோமிர். "வரி போச்சுய்யா, வரி!"

கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டோப்ரிலாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. அறை பிழைத்துவிட்டது.

"அப்ப என் மேசை?" என்றார் மோம்ச்சிலோ.

"நடைவழியில போட்டுக்கோ."

"சார், அங்க ஊடுகாத்து அடிக்குமே!"

"கழுத்துல எதையாவது சுத்திக்க. என் துண்ட மட்டும் கேக்காத. அது இந்தக் கதவுக்குக் கீழதான் இருக்கும்."