கட்டுக்கு ஒரு சட்டை

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு சட்டையாகப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. கட்டிலிருந்து ஒன்றை உருவிப் பார்ப்பார்கள். அது தேறினால் கட்டே தேறிவிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், அவ்வளவுதான் கணக்கு.

அந்தப் பழக்கம்தான் வினையாகப் போனது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இலவசப் பரிசோதனை உண்டு, எல்லாரும் வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். "ஒருத்தி எழுந்தாலே தையல் லைன் மொத்தமும் நிக்கும். கும்பலா கிளம்பிடாதீங்க" என்றார் சூப்பர்வைசர். தையல்காரிகள் கூடிப் பேசி, பட்டன் தைப்பவளை அனுப்பினார்கள். சூப்பர்வைசரையே வாயடைக்க வைக்கிறவள். அவளை விட்டால் யார் போவது?

போனாள். திரைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று தட்டில் கணீரென்று விழுந்தது. வீராங்கனை கூப்பிடும் முன்பே நழுவி வந்துவிட்டாள். மறுநாள் எல்லாரும் சூழ்ந்துகொண்டபோது, மானம் போகக் கூடாதே என்று, "ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்றாள். லைனே தேறிவிட்ட மாதிரி ஒரே சிரிப்பும் கும்மாளமும். அதற்கப்புறம் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

சில வாரம் கழித்து, கைகழுவும் இடத்தில் காலர் தைக்கும் பெண் பட்டன்காரியை ஒதுக்கிக் கூப்பிட்டாள். சின்ன வயது, கைக்குழந்தைக்காரி.

"அக்கா, தேதி இல்லாத நாள்லயும் எனக்கு ரத்தம் படுது. செத்துச் செத்துப் பிழைச்சேன். உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னதும்தான் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு."

பட்டன்காரி குழாயை மூடினாள். இந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பாவம் தன்னைச் சும்மா விடுமா?

"பைத்தியமே, எனக்கு இல்லைன்னா உனக்கு இல்லைன்னு ஆகிடுமா? நாம என்ன சட்டையா?" என்றாள். "அதுவும் நான் உள்ளயே போகலடி. பயந்து ஓடி வந்துட்டேன்."

திட்டுவாள், எல்லாரையும் கூட்டுவாள் என்று நினைத்தாள். அந்தப் பெண்ணுக்கோ கண் நிறைந்துவிட்டது.

"நீங்களுமா? நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பினவதான் அக்கா. நான் மட்டும்தான் கோழைன்னு நினைச்சேன்."

"நாளைக்கு ரெண்டு பேரும் போறோம். ரத்தம் படுறதை டாக்டரம்மாகிட்ட மறைக்காம சொல்லணும்."

"லைன் நின்னுடுமே?"

"நிக்கட்டும். முதல்ல நீ போ. ஓடி வந்தா பிடிச்சு உள்ள தள்ளுவேன்."

"உங்க முறை வரும்போது நீங்க ஓடினா?"

பட்டன்காரி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"நீ பிடி" என்றாள்.