குழாய்க்காரரின் பன்னீர்

சோப்புத் தொழிற்சாலையில் என் மூக்குக்குத்தான் சம்பளம். வாசனை சரியாக ஏறியிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து நான் தலையாட்டினால்தான் சோப்பு வெளியே போகும். அந்த மூக்கை ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. சளி போயிற்று, இருமல் போயிற்று, உடம்பும் தேறிவிட்டது. வாசனை மட்டும் திரும்பி வரவில்லை.

மேலாளர் நல்லவர்தான். மழைக்காலம் முடியும்வரை லீவு கொடுத்தார். அதற்குள் மூக்கு வந்தால் பழைய நாற்காலி, வராவிட்டால் அட்டைப்பெட்டி ஒட்டும் பகுதி என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். பெட்டி ஒட்டுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் நன்றாகச் செய்யும் காரியம் உலகத்திலேயே ஒன்றுதான். அதுவும் போனால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

“மூக்குக்குத் திரும்பப் பாடம் எடுக்கணும்மா,” என்றார் டாக்டர். “எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், ரோஜா. இந்த நாலையும் தினமும் மோந்து பாருங்க. மோக்கும்போது அந்த வாசனைய மனசுல நெனச்சுக்கங்க.”

“வந்துடுமா டாக்டர்?”

“நிறைய பேருக்கு வருது.”

அந்த நிறைய பேரில் நானும் உண்டா என்று அவர் சொல்லவில்லை.

முதல் மூன்றும் வீட்டில் இருந்தன. ரோஜாவுக்குக் கடையில் ஒரு பாட்டில் பன்னீர் வாங்கலாம் என்றேன். என் வீட்டுக்காரர் குறுக்கே விழுந்தார். அவருக்குக் குழாய் வேலை. திறந்த சாக்கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடிக்கிற ஆள்.

“கடையில இருக்கறது வெறும் தண்ணியில எசன்ஸ். பின்னாடி தோட்டத்துல பூ கொட்டிக் கெடக்கு. நானே எடுத்துத் தர்றேன்.”

“உங்களுக்கு என்னங்க தெரியும் பன்னீரப் பத்தி?”

“ஆவி, குழாய், தண்ணி. இதுல எனக்குத் தெரியாதது எது, சொல்லு.”



வெயில் ஏறுவதற்கு முன்னால் பறித்தால்தான் பூவில் சத்து இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். விடிந்ததும் விடியாததுமாகக் கூடையோடு கிளம்பினார். இதழ்களை உதிர்த்துக் குக்கரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். வெயிட் போடும் இடத்தில் செம்புக் குழாய் ஒன்றை இணைத்தார். அந்தக் குழாய் பழைய பெயிண்ட் வாளிக்குள் சுருள் சுருளாக இறங்கிக் குளிர்ந்த தண்ணீருக்குள்ளே போய், வாளியின் அடியில் வெளியே தலைநீட்டியது. குழாய்கள் திருகி இணைகிற மரைகளிலெல்லாம் சணல் சுற்றி, தன் பையிலிருந்த பசையைத் தாராளமாக அப்பினார். வேலைக்குப் போகிற வீடுகளிலும் அப்படித்தான் செய்வார்.

“ஒரு சொட்டு லீக் ஆகாது பாரு.”

உண்மையிலேயே ஒரு சொட்டும் ஆகவில்லை. இத்தனை வருஷம் தொழிற்சாலையில் இருந்தும் வாசனை என்பது கேனில் வருகிற சரக்கு என்றுதான் எனக்குத் தெரியும். பூவிலிருந்து அது கிளம்பி வருவதைப் பார்த்ததே இல்லை. குழந்தை மாதிரி வாளிக்கு முன்னால் குந்திக்கொண்டேன். குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டது, தயங்கியது, என் உள்ளங்கையில் விழுந்தது. முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. அவர் என் கையைப் பிடித்து இழுத்துத் தானும் முகர்ந்தார்.

“ரோஜாத் தோட்டமேதான்,” என்றார்.

அதன்பிறகு எங்கள் இருவருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. இதே பூவை வைத்து வேறு என்னென்ன செய்யலாம் என்று நான் தோண்ட ஆரம்பித்தேன். இதழ்களை நிழலில் வாட்டி, தேங்காய் எண்ணெயில் போட்டு இளஞ்சூட்டில் ஊறவைத்து வடிகட்டினேன். அதில் தேன்மெழுகைக் கரைத்ததும் உதட்டுக்குப் பூசும் களிம்பு கிடைத்தது. மூக்கு வேலை செய்யாததால் கண்ணும் விரலும் கூர்மையாகிவிட்டன. மெழுகு கூடினால் களிம்பு கட்டையாகிறது, குறைந்தால் வழிகிறது என்று தொட்டுத் தொட்டே கண்டுபிடித்தேன்.

அடுத்த வீடு என் நாத்தனார் வீடு. துணி தைக்கிறவள். அவளுக்கு ஒரு டப்பா களிம்பும் ஒரு பாட்டில் பன்னீரும் கொடுத்தோம். சில நாளில் டப்பா காலியாகத் திரும்பி வந்தது.

“இன்னொண்ணு குடுங்க அண்ணி. தைக்க வர்றவங்க எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் தேச்சுட்டுப் போறாங்க.”

“பன்னீர்?”

“அது இருக்கு அண்ணி.”

அவள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவளுக்கு வாய் ஓயாது. ஒன்று கேட்டால் ஒன்பது சொல்லுவாள். அன்றைக்கு மூன்று வார்த்தையோடு நிறுத்திக்கொண்டது எனக்கு உறுத்தியது. பாட்டில் ஜன்னலில் கழுத்துவரை நிறைந்தே இருந்தது. அடுத்த தடவை போனபோது அது தரை துடைக்கும் வாளிக்குப் பக்கத்தில் நின்றது.

ஒரே செடி, ஒரே பூ. ஒன்றைப் பறித்துக்கொண்டு போகிறார்கள், இன்னொன்றைச் சீந்துவாரில்லை. ஏன்? இது என் மண்டையைக் குடைந்தது. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கலங்கல் இல்லை. கையில் தேய்த்தேன். அரிப்பு இல்லை. அந்தப் பன்னீராலேயே நன்றாக முகம் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் கொஞ்ச நேரம் நெளிந்துவிட்டு, எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டாள்.

“வாசனை தூக்கலா இருக்கும்போல,” என்றார் வீட்டுக்காரர். அடுத்த தடவை பசையை இன்னும் கொஞ்சம் அப்பினார், ஆவி வீணாகக் கூடாதாம்.

மழை குறைந்துகொண்டே வந்தது. எலுமிச்சையில் ஒன்றுமில்லை. கிராம்பில் ஒன்றுமில்லை. அட்டைப்பெட்டிகள் கனவில் வர ஆரம்பித்தன. நான் பாட்டில்களுக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதை நாத்தனார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்ப்பாள். ஏதோ சொல்ல வருவாள், விழுங்கிவிடுவாள்.

ஒருநாள் காலை, பன்னீர் பாட்டிலைத் திறந்தபோது மூக்கின் ஆழத்தில் ஏதோ நெருடியது. பூ இல்லை. பழைய எண்ணெய், காய்ந்த பெயிண்ட், கொஞ்சம் மீன். பிரமை என்று நினைத்தேன். மூடிவிட்டுத் திறந்தேன். மறுபடியும் அதேதான்.

பாட்டிலை வைத்துக்கொண்டு வீடெல்லாம் அலைந்தேன். பெயிண்ட் வாளியை முகர்ந்தேன், அது இல்லை. குக்கர் இல்லை. மூலையில், அவர் அன்றைக்கு வேலைக்கு எடுத்துப்போகாத இன்னொரு பை கிடந்தது. அதிலிருந்த பசை டப்பாவைத் திறந்தேன். முகத்தில் அறைந்தது. அதேதான், அப்பட்டமாக அதேதான்.

ஓடிப்போய்க் களிம்பு டப்பாவை எடுத்தேன். அது குழாய்ப் பக்கமே போகாத சரக்கு. மூக்கை ஒட்டி வைத்து மூச்சை இழுத்தேன். தேங்காய் எண்ணெய்க்கு அடியில், எங்கோ தூரத்தில், ரோஜா இருந்தது. அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அழுது முடித்ததும்தான் எனக்கு எல்லாம் உறைத்தது. மூக்கு செத்த ஒருத்தியும் சாக்கடையில் மூக்கு மரத்துப்போன ஒருத்தரும் சேர்ந்து ஊருக்கே நாற்றத்தை வாரி வழங்கியிருக்கிறோம். அந்தப் பாவத்தை அள்ளி முகத்தில் வேறு பூசியிருக்கிறேன். அந்த மனுஷன் எத்தனை விடியலில் முள் குத்த முள் குத்தப் பூப் பறித்திருப்பார். இதை எப்படிச் சொல்வது?

சாயங்காலம் அவர் தோட்டத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது போட்டு உடைத்தேன்.

“ஏங்க, உங்க பன்னீர் நாறுது.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “என்ன சொல்ற?”

“நீங்க மரைக்குப் போடுற பசை. அதுதான் பாட்டில் பூரா. குடலப் புரட்டுது.”

சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனாரின் தலை முளைத்தது. “அப்பாடா. அப்போ நான் அந்த பாட்டில கொட்டிடலாமா அண்ணி? நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஆசையா செஞ்சீங்க, எனக்குச் சொல்ல மனசு வரல.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. குழாய் தன்பாட்டுக்குத் திறந்தே கிடந்தது. ஒரு சொட்டு ஒழுகினாலும் தாங்காத மனுஷன், தண்ணீர் காலடியில் ஓடுவதைக்கூடக் கவனிக்காமல் என்னையே பார்த்தார்.

“நாறுதா?” என்றார் மெதுவாக.

“நாறுது.”

“நெசமாவா?”

“நெசமா நாறுதுங்க.”

அவர் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை சொல்லு,” என்றார்.