காலிப் பெட்டியின் எடை

பார்சல் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தராசுப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நான் ஏறுவேன். ஆறு வருடமாக ஊர் உலகத்து மூட்டைகளையெல்லாம் இதில் நிறுத்து எழுதியவள், என்னை நிறுக்க மட்டும் திருடிபோல் வரவேண்டியிருந்தது.

வயிற்றில் பிள்ளைக்கு ஏழாம் மாதம் தொடங்கியதும் நர்ஸ் ஓர் அட்டை கொடுத்தார். வாரம் ஒருமுறை எடையை எழுதிப் போனில் படம் அனுப்பவேண்டும். திடீரென்று ஏறினால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் தங்கைக்கு இதே மாதத்தில், ஒரே வாரத்தில் நாலு கிலோ ஏறியது. பிள்ளை நன்றாகத் தேறுகிறது என்று வீடே பூரித்துப்போனது. விரலில் இறுகிய மோதிரத்தைச் சோப்பு போட்டு இழுத்தபடி அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் அவளும் இல்லை, பிள்ளையும் இல்லை.

காலிப் பெட்டியைத் தராசில் வைத்து ஒரு பட்டனை அழுத்தினால் எண் பூஜ்யமாகிவிடும். பிறகு சரக்கின் எடை மட்டுமே காட்டும். எங்கள் வேலையே அதுதான். முதல் வாரம் செருப்பை வைத்து அழுத்திவிட்டு, அதைப் போட்டுக்கொண்டே ஏறினேன். அதில் தப்பில்லை. அடுத்த வாரம் கைப்பையையும் சேர்த்து அழுத்தினேன். ஏறும்போது பையைக் கீழே வைத்துவிட்டேன்; பையளவுக்கு எண் குறைந்தது. போன வாரம் ஒரு கனமான பெட்டியையே வைத்து அழுத்தி, இறக்கிவிட்டு ஏறினேன். அட்டையில் எல்லாம் ஒழுங்காக ஏறியிருந்தது. நர்ஸ் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

இன்று காலை என் செருப்பு காலில் நுழையவில்லை. கணவரின் செருப்பைப் போட்டுக்கொண்டேன். இனி வீட்டுக்கு ஒரு ஜோடி போதும் என்று அவர் கிண்டலடித்தார். நானும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகவே பயந்துபோனேன்.

பெட்டியை வைத்துப் பட்டனில் கை வைத்தபோது டேப் அக்கா வந்துவிட்டாள். பேக்கிங்கில் இருப்பவள், வளையலுக்குப் பதில் மணிக்கட்டில் எப்போதும் டேப் சுருள்தான். பெட்டியைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த அட்டையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.

"எத்தன வாரமா?"

"இன்னிக்கோட மூணு."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"பெட்டிய எறக்கு. நீ பாக்க வேணாம், நான் பாக்குறேன்."

ஏறி நின்று சுவரைப் பார்த்தேன். அவள் கை என் தோளில் வந்து விழுந்தது. அது அப்படியே இருந்தால் போதும் என்றிருந்தது.

"கைய எடுங்கக்கா. தொட்டா தப்பா காட்டும்."

எடுத்துக்கொண்டாள். எண் நிலைத்தால் தராசு ஒருமுறை 'பீப்' என்னும். அதுவரை எழுதக் கூடாது. அசையாமல் நிற்கப் பார்த்தேன். உள்ளே பிள்ளை ஒருமுறை புரண்டது. டேப் அக்கா ஒரு கையில் மூடி கழற்றிய பேனாவும் மறு கையில் நர்ஸின் நம்பரை எடுத்துவைத்த என் போனுமாக, எண்ணையே பார்த்தபடி நின்றாள்.

இன்னும் சத்தம் வரவில்லை.